குந்தனை எழுப்பியது யார்?

2025 ஆகஸ்ட் முதல் தேதி 'அம்பிகாபதி' தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்குத் திரும்ப வந்தது. தனுஷ் இந்தியில் அறிமுகமான 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவம், 2013-ல் வந்தது. ரீ-ரிலீஸ் இப்போது சர்வசாதாரணம். பழைய படத்துக்குக் கூட்டம் வருகிறது, பாட்டு வந்தால் தியேட்டரே சேர்ந்து பாடுகிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இந்தப் படத்துக்குச் செய்த விளம்பரமே வேறு. கிளைமாக்ஸை ஏஐ வைத்து மாற்றிவிட்டார்கள். செத்துப்போகிற கதாநாயகன் இதில் பிழைத்துக்கொள்கிறான்.

இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார். தனுஷ் எதிர்த்தார், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தான் ஒப்புக்கொண்ட படம் இது இல்லை என்று வெளிப்படையாக அறிக்கை விட்டார். உரிமை வைத்திருக்கும் ஈராஸ் நிறுவனமோ, இது ஒரு புதிய படைப்பு விளக்கம், எங்களிடம் உரிமை இருக்கிறது, செய்தோம் என்றது. படம் ஓடியது. நாலு நாள் பேசினோம், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். எனக்கு மட்டும் இது மனசை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்ப்போம். ஆஸ்பத்திரிக் கட்டில். கதாநாயகன் குந்தன் படுத்துக் கிடக்கிறான். பக்கத்தில் நண்பன் முராரி, அவனையே நினைத்து வாழ்ந்த பிந்தியா. திரையில் அவன் வாய் அசைவதில்லை, மனக்குரல் மட்டும் கேட்கிறது. எழுந்திருக்கலாம்தான், ஆனால் யார் எழுந்திருப்பது என்று கேட்கிறான். மறுபடி ஒருத்தியைக் காதலிக்கணும், மறுபடி மனசு உடையணும், அவ்வளவு பாடு யார் படுவது என்கிற களைப்பு அந்தக் குரலில் இருக்கும். ஹிமான்ஷு சர்மா எழுதிய வசனம் அது. முழுப் படமும் அந்த ஒரு நிமிஷத்தை நோக்கித்தான் வருகிறது. எழுந்திருக்க மாட்டேன் என்று அந்தக் கதாபாத்திரமே முடிவெடுக்கிற இடம். அங்கே போய் ஒரு கம்பெனி அவனைக் கண் விழிக்க வைத்திருக்கிறது.

எனக்கு அந்தப் படத்தின் மேல் நிறையக் குறை உண்டு. ஒரு பெண் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பின்னால் சுற்றுவதைக் காதல் என்று காட்டியதை அன்றைக்கே பலர் கண்டித்தார்கள், அந்தக் கண்டனம் நியாயமானது. ஆனால் படத்துக்குள்ளேயே அதற்கு ஒரு கணக்கு இருந்தது. குந்தன் செய்த காரியத்தால், அந்தப் பெண் சோயா காதலித்த மனிதன் அடிபட்டுச் செத்திருக்கிறான். சோயாவின் வாழ்க்கையே அங்கே நின்றுபோகிறது. அந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டுதான் இவன் டெல்லிக்குப் போகிறான், அவள் கண் முன்னாலேயே நிற்கிறான், கடைசியில் உயிரையும் கொடுக்கிறான். அவனைப் பிழைக்க வைத்தால் இந்தக் கணக்கு அழிந்துபோகும். செத்தவனுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம், பின்னால் சுற்றியவன் மட்டும் சுகமாக எழுந்து உட்காருவான். 'ஹேப்பி எண்டிங்' என்று பெயர் வைத்து, படத்திலிருந்த கொஞ்சநஞ்ச அறத்தையும் வழித்தெடுத்துவிட்டார்கள்.

அதுவும் தமிழில் மட்டும். இது எனக்கு இன்னும் வலிக்கிறது. சோக முடிவைத் தமிழ் ரசிகன் தாங்க மாட்டான் என்று யார் சொன்னது? 1982-ல் 'மூன்றாம் பிறை'யை ஓட வைத்த ஊர் இது. கேத்தி ரயில் நிலையத்தில், மழையில், அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு சீனு குரங்கு மாதிரி ஆடிக் காட்டுகிறான். ரயிலில் இருக்கும் விஜிக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. யாரோ பைத்தியம் என்று நினைக்கிறாள், ரயில் நகர்ந்துவிடுகிறது. அந்த முடிவோடு வீட்டுக்குப் போன ஜனங்கள், மறுபடி வந்து டிக்கெட் எடுத்துப் பார்த்தார்கள். நாளைக்கு யாராவது விஜியின் முகத்தில் ஒரு புன்னகையை வரைந்து, அவளை ரயிலிலிருந்து இறக்கி ஓடிவர வைக்கலாம். இன்றைய தொழில்நுட்பத்துக்கு அது பெரிய வேலையே இல்லை. பாலு மகேந்திரா இன்று நம்மோடு இல்லை. வேண்டாம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

இதே 2025-ல் இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. அது தமிழில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'ஷோலே'யின் கிளைமாக்ஸில் தாக்கூர், கொள்ளைக்காரன் கப்பர் சிங்கை அடித்து நொறுக்குவார், கொல்லப் போகும்போது போலீஸ் வந்து தடுக்கும். நம் எல்லோருக்கும் தெரிந்த முடிவு. ஆனால் ரமேஷ் சிப்பி முதலில் எடுத்தது அது இல்லை. கைகள் வெட்டப்பட்ட தாக்கூருக்குக் கால் மட்டும்தான் ஆயுதம். ஆணி பதித்த செருப்பால் மிதித்தே கப்பரைக் கொன்றுவிடுவார். கொன்ற பிறகு உடைந்து அழுவார், வீரு வந்து தாங்கிக்கொள்வான். 1975, எமர்ஜென்சி காலம். முன்னாள் போலீஸ் அதிகாரி சட்டத்தைக் கையில் எடுத்துக் கொலை செய்வதை அனுமதிக்க முடியாது என்று தணிக்கைக் குழு சொல்லிவிட்டது. வேறு வழி இல்லாமல் முடிவை மாற்றிப் படமெடுத்து, ஆகஸ்ட் 15 அன்று வெளியிட்டார்கள். ஊரே கொண்டாடியது. இயக்குநரின் முடிவு மட்டும் தியேட்டரையே பார்க்காமல் போனது.

அந்தப் படத்தை, பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனும் சிப்பி பிலிம்ஸும் சேர்ந்து பல வருஷம் உழைத்து மீட்டிருக்கிறார்கள். கேமராவில் ஓடிய அசல் நெகட்டிவ் கெட்டுப்போயிருந்தது. அந்தக் காலத்து 70 எம்எம் பிரிண்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மும்பைக் கிடங்கிலும் பிரிட்டனில் ஒரு சேமிப்புக் கிடங்கிலும் கிடைத்த இடைநிலைப் பிரதிகளை வைத்து, ஃபிரேம் ஃபிரேமாகச் சுத்தம் செய்து, 4கே தரத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெட்டப்பட்ட காட்சிகளோடு, அசல் முடிவோடு, 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யா நகரத்துச் சதுக்கத்தில் திறந்தவெளியில் திரையிட்டார்கள். டிசம்பரில் இந்தியத் தியேட்டர்களுக்கும் வந்தது.

கப்பரைக் கொல்லும் முடிவு நல்லதா, போலீஸ் வரும் முடிவு நல்லதா என்று விவாதிக்கலாம். எனக்கு முதல் முடிவுதான் பிடித்திருக்கிறது. பழிவாங்கிய பிறகு தாக்கூர் அழுவதில்தான் அந்த மனிதர் முழுசாகத் தெரிகிறார். ஆனால் என் கேள்வி அது இல்லை. இரண்டு படத்துக்கும் கம்ப்யூட்டர்தான் வேலை செய்தது. ஒன்றில் இயக்குநரிடமிருந்து பிடுங்கப்பட்டதை ஐம்பது வருஷம் கழித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தது. இன்னொன்றில், இயக்குநரின் கண்ணெதிரே, அவர் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருக்கும்போதே பிடுங்கியது. 1975-ல் பிடுங்கியது அரசாங்கம், 2025-ல் பிடுங்கியது வியாபாரம்.

ஏஐ என்றாலே ஆகாது என்று நான் சொல்லவில்லை. 2023 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவின் கடைசிப் பாட்டு வெளியானது. அந்தக் குழுவின் மறைந்த பாடகர் ஜான் லெனன் நியூயார்க் வீட்டில் பியானோவோடு கேசட்டில் பாடிவைத்தது. பின்னணி இரைச்சலில் குரல் மூழ்கிக் கிடந்ததால் 1995-ல் முயன்று கைவிட்டார்கள். பிறகு வந்த மென்பொருள் குரலைத் தனியே பிரித்தெடுத்தது. அந்தக் குரல் லெனன் பாடியது, அவர் மூச்சு, அவர் விட்ட இடைவெளி. அவர் பாடாத ஒரு சொல்லையும் அவர் வாயில் திணிக்கவில்லை.

நம் ஊரில் நடப்பது அடுத்த கட்டம். 2024 ஜனவரியில் ஏ.ஆர். ரஹ்மான் 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் உருவாக்கினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக அவரே சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறேன். மற்றவர்கள் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்ச ஒழுங்கு அது. அதே சமயத்தில்தான், அனுமதி கேட்காமல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை உருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் மகன் எஸ்.பி. சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆனாலும், அனுமதி இருந்தும் எனக்கு மனசு ஒப்பவில்லை. 'ராசாத்தி என் உசுரு' பாட்டை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். வாத்தியமே கிடையாது, மனிதக் குரல்கள் மட்டும். ஷாகுல் ஹமீது அந்த ஒப்பாரியை எங்கே இழுக்கிறார், எங்கே விட்டுவிடுகிறார் என்று கேட்டால் தெரியும், ஒவ்வொன்றும் அந்த ஆள் அந்த நிமிஷம் எடுத்த முடிவு. குரலின் நிறத்தை மட்டும் எடுத்து வேறொருவர் பாடியதன் மேல் பூசினால், அந்த முடிவுகள் யாருடையவை? பெயர் மட்டும் அவருடையது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இன்னும் வருத்தம். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, ஒரு நாவலுக்கு அதை எழுதியவர் ஆசிரியர், பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் ஆசிரியர். சினிமாவுக்கு? தயாரிப்பாளர்தான் ஆசிரியர். இயக்குநர் பெயரே அந்த இடத்தில் இல்லை. தன் படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையை 57-ம் பிரிவு ஆசிரியருக்குக் கொடுக்கிறது. ஆக, படத்தை எடுத்தவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. திருத்த மசோதா வந்தபோது முதன்மை இயக்குநரையும் தயாரிப்பாளரோடு சேர்த்து ஆசிரியராக ஏற்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. 2012-ல் சட்டம் நிறைவேறியபோது அது காணாமல் போயிருந்தது. நடிகர்கள், பாடகர்கள் போன்ற நிகழ்த்துகலைஞர்களுக்கு மட்டும் 38பி என்று ஒரு பிரிவு புதிதாக வந்தது. அதன்படி, பெயருக்குக் கேடு வரும்படி தன் நடிப்பைத் திரித்தால் தனுஷ் தட்டிக் கேட்கலாம். அந்த நடிப்பை வாங்கிய இயக்குநர் கேட்க முடியாது. இது எந்த ஊர் நியாயம்?

பிரான்ஸில் இது என்றைக்கோ தீர்ந்துவிட்டது. ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹஸ்டன் 1950-ல் கறுப்பு வெள்ளையில் எடுத்த ஒரு படத்துக்கு, அமெரிக்காவில் உரிமையை வாங்கிய நிறுவனம் கம்ப்யூட்டரில் வண்ணம் ஏற்றியது. அதைப் பிரெஞ்சுத் தொலைக்காட்சி ஒன்று ஒளிபரப்பக் கிளம்பியது. ஹஸ்டன் 1987-லேயே காலமாகிவிட்டார், பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். அமெரிக்கச் சட்டப்படி நாங்கள்தான் ஆசிரியர் என்று கம்பெனி வாதாடியது. 1991-ல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. படைத்தவனுக்குப் படைப்பின் மேலுள்ள தார்மீக உரிமையைக் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அங்கே வெறும் வண்ணத்துக்கே அவ்வளவு போராட்டம். இங்கே கதையையே மாற்றுகிறார்கள், இயக்குநருக்காக வாதாட ஒரு வழக்கறிஞர் கையில் பிடிக்க ஒரு பிரிவு இல்லை.

2013-ல் வந்த படத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு இயக்குநர், தன் நாயகன் செத்த பிறகு கண் விழிக்கும் காட்சியை ஒரு இயந்திரம் உருவாக்கும் என்று கனவிலாவது நினைத்திருப்பாரா? அன்றைக்கு இல்லாத ஒன்றுக்கு அன்றைய கையெழுத்தைச் சம்மதமாகக் காட்டுவது அநியாயம்.

சட்டத் திருத்தம் வர வருஷங்கள் ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சான்றிதழ் வாங்கிய படத்தில் ஒரு துண்டை மாற்றினாலும் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. அந்த விண்ணப்பத்தில் இயக்குநரின் சம்மதக் கையெழுத்தையும் கட்டாயமாக்கச் சொல்லிக் கேட்கலாம். இனி போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், இயக்குநர், எழுத்தாளர், நடிகர் மூவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் ஏஐ வைத்துக் காட்சியையோ குரலையோ உருவாக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம். இதற்குப் பாராளுமன்றம் வேண்டாம், ஒரு வக்கீலும் ஒரு பேனாவும் போதும். என் நட்பு வட்டத்தில் உதவி இயக்குநர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் முதல் படத்து ஒப்பந்தம் கைக்கு வரும்போது சம்பளப் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள், உரிமைகள் பற்றிய பக்கத்தையும் வரி வரியாகப் படியுங்கள். இயக்குநர்கள் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் பார்த்தால், அடுத்த பொதுக்குழுவில் இந்த ஒரு வரியைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.