அந்தக் கிண்ணத்தில் இருந்தது பேய்க்குப் படைத்த சோறு அன்று

ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோவில் நம் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் நடந்ததை உங்களில் பெரும்பாலானோர் நேரில் பார்த்தீர்கள். வராதவர்களுக்கும் அந்தக் காணொளி இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். ஆகையால் யார் என்ன சொன்னார் என்பதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. பெயரும் சொல்லப் போவதில்லை. ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசிய தம்பி, மேடையோரத்தில் பிள்ளைகள் வைத்திருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் காட்டி, "இது அஞ்ஞானிகள் பேய்க்கு வைக்கிற படையல்" என்றார். அடுத்த நிமிடமே இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டுபோய்க் குப்பைப் பையில் போட்டார். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நோர்வேயின் நடுக்குளிர்கால வழக்கங்கள் பற்றிய அந்தப் பாடத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மூன்று நாள் பொறுத்திருந்தேன். இனியும் பேசாமல் இருந்தால் அந்தப் பதினொரு பேரின் முகத்தில் வருகிற சனிக்கிழமை என்னால் விழிக்க முடியாது.

அது பேய்க்குப் படைத்த சோறு அன்று. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பின்னும் சொல்வேன். பாலில் வேகவைத்த அரிசிக் கஞ்சி, மேலே வெண்ணெய்க்கட்டி. கிறிஸ்மஸுக்கு முந்திய இரவில் மாட்டுத் தொழுவத்திலோ விறகுக் கொட்டிலிலோ வைப்பார்கள். 'நிஸ்ஸே' என்று இன்று சிவப்புத் தொப்பியோடு அட்டைகளில் அச்சடிக்கிறார்களே, அந்தச் சிறு உருவத்துக்காக வைப்பது. அதற்கு நிக்கொலாஸ் என்ற புனிதரின் பெயரிலிருந்து வந்த செல்லப் பெயர் ஒட்டிக்கொண்டது பிற்காலத்தில். அதற்கு முன்னிருந்தே நோர்வேயின் பல ஊர்களில் அவனை 'மேட்டுக் குடியானவன்' என்ற பொருளில் அழைத்திருக்கிறார்கள். காட்டை வெட்டி அந்தப் பண்ணையை முதன்முதலில் உண்டாக்கியவன், இறந்தபின் வீட்டருகே புதைமேட்டில் கிடந்தபடி நிலத்தையும் கால்நடையையும் காக்கிறான் என்பது நம்பிக்கை. தன் நிலத்தைத் திருத்தித் தந்தவனுக்கு ஆண்டில் ஒருநாள் ஒரு கிண்ணம் கஞ்சி. இதைப் பேய்க்குப் படைத்தது என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

நான் இந்தக் கிண்ணத்தை முதலில் கண்டது 1987ஆம் ஆண்டு, வடகோடியிலுள்ள வார்டோவில். மீன் தொழிற்சாலையில் வேலை. அங்கே நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் தை மாதம் பிறந்த பிறகுதான் மறுபடி தலை காட்டும். பகல் என்று சொல்லத்தக்கது, முற்பகலில் வானம் கொஞ்சம் நீலம் பாரித்துப் பிற்பகல் தொடங்கும்போதே கறுத்துவிடுகிற அந்த இடைவெளி மட்டும்தான். யாழ்ப்பாணக் கடற்கரையில் வெயிலுக்குப் பயந்து வளர்ந்தவள், அந்த இருட்டில் மீன் வெட்டிவிட்டு அறைக்கு வந்து சுவரைப் பார்த்து அழுதிருக்கிறேன். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மூதாட்டி தெற்கே த்ரொண்டெலாக் பகுதியில் ஒரு பண்ணையில் பிறந்தவர். மீனவரை மணந்து வடக்கே வந்தவர். டிசம்பர் 24ஆம் தேதி மாலை, ஒரு மரக் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி, அதிலே மரக் கரண்டியும் வைத்து, விறகுக் கொட்டிலின் படியில் கொண்டுபோய் வைத்தார். யாருக்கு என்று கேட்டேன். "அம்மா வைப்பாள், நானும் வைக்கிறேன்" என்றார். வாரந்தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற பெண்மணி அவர். அன்றிரவும் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு.

ஊரில் எங்கள் அம்மம்மா இறந்தோர் திருநாளில் சவக்காலையில் மெழுகுதிரி கொளுத்துவார். பக்கத்து வீட்டுச் சைவ ஆச்சி காகத்துக்குச் சோறு வைக்காமல் வாயில் கவளம் வைக்க மாட்டார். இருவரும் வேலிக்கு மேலால் கதைத்துக்கொண்டே அறுபது வருடம் வாழ்ந்தார்கள். வார்டோவின் அந்தக் கொட்டில் படியில் நான் அந்த இருவரையும் பார்த்தேன். ஊர் விட்டு வந்து முதன்முதலாக அன்றுதான் மனம் கொஞ்சம் ஆறியது.

ஆனால் கிறிஸ்தவத்துக்கு முந்திய அந்தப் பழைய நடுக்குளிர்காலக் கொண்டாட்டத்தில் இரத்தப்பலி இருந்ததே என்று இரண்டு பேர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். இருந்தது. அதை மறைத்துப் பேசும் தேவை எனக்கில்லை. ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்துர்லுசொன் ஏறத்தாழ 1230இல் எழுதிய அரசர் வரலாறுகளில் அது வெளிப்படையாகவே இருக்கிறது. குடியானவர்கள் தத்தம் உணவையும் பியரையும் எடுத்துக்கொண்டு வழிபாட்டு மண்டபத்தில் கூடுவார்கள். மாடுகளையும் குதிரைகளையும் அறுப்பார்கள். இரத்தத்தைக் குச்சிக் கட்டுகளால் சுவரிலும் ஆட்கள்மீதும் தெளிப்பார்கள். இறைச்சியை நடுவே எரிகிற நெருப்பில் கொப்பரையிலிட்டு அவித்துச் சேர்ந்து உண்பார்கள். முதல் கோப்பை ஒடின் என்ற தெய்வத்துக்கு, வெற்றிக்காக. அடுத்தவை நியோர்ட், ஃப்ரெய் என்ற தெய்வங்களுக்கு, நல்ல விளைச்சலுக்காகவும் அமைதிக்காகவும். பிறகு இறந்துபோன உறவினர்களின் நினைவாகக் குடிப்பார்கள். குளிர்காலம் முழுதும் தீனி போட முடியாத மாட்டை அறுத்தே ஆகவேண்டிய நாட்டில், அறுத்ததை ஊரோடு பகிர்ந்து உண்டிருக்கிறார்கள். டென்மார்க்கின் லெயிரெயில் ஒன்பது ஆண்டுக்கொருமுறை 99 மனிதரைப் பலியிட்டார்கள் என்று ஜெர்மானிய ஆயர் தீட்மார் எழுதியதைத்தான் அந்த இருவரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் அதைக் கண்ணால் கண்டவர் அல்லர், தாம் கேள்விப்பட்டதை எழுதியவர். அந்த ஒரு வரிக்காகக் கொட்டில் படியில் கஞ்சி வைத்த கிழவியைக் குற்றவாளி ஆக்குவீர்களா?

ஸ்னோரி சொல்லும் ஹாக்கோன் அரசரின் கதையை மேடையில் பேசிய தம்பி படித்திருந்தால் அந்தக் கிண்ணத்தைத் தொட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். பத்தாம் நூற்றாண்டு. இங்கிலாந்தில் அத்தெல்ஸ்தான் மன்னரிடம் வளர்ந்து, கிறிஸ்தவராக நோர்வேக்குத் திரும்பிவந்தவர் ஹாக்கோன். 'யூல்' என்ற பழைய கொண்டாட்டம் அதுவரை நடுக்குளிர்கால இரவில் தொடங்கி மூன்று இரவுகள் நடந்தது. கிறிஸ்தவர் கிறிஸ்மஸ் கொண்டாடும் அதே நேரத்தில் யூலையும் கொண்டாட வேண்டும், ஒவ்வொருவரும் இவ்வளவு பியர் வடித்திருக்க வேண்டும், அந்தப் பியர் தீரும்வரை திருநாள் என்று அவர் சட்டம் போட்டார். அதோடு நின்றிருந்தால் சரி. பழைய வழிபாட்டையே விடும்படி ஃப்ரொஸ்தா என்ற இடத்தில் கூடிய மக்கள் மன்றத்தில் அவர் கேட்டபோது குடியானவர்கள் எழுந்து முகத்துக்கு நேரே மறுத்தார்கள். வற்புறுத்தினால் வேறு அரசரைத் தேடிக்கொள்வோம் என்றார்கள். பிறகு லாதெயில் நடந்த விருந்தில் அவர் குடிகொம்பின்மீது சிலுவை அடையாளம் வரைந்தார். கூட்டம் முணுமுணுத்தது. உடனே பக்கத்திலிருந்த சிகுர்ட் பிரபு, "அரசர் தோர் தெய்வத்தின் சுத்தியல் அடையாளத்தைத்தான் போட்டார்" என்று சொல்லிக் காப்பாற்றினார். அந்தச் சிகுர்ட் பழைய நம்பிக்கைக்காரர். இருந்தும் தன் கிறிஸ்தவ அரசரின் மானத்தைக் கூட்டத்துக்கு நடுவே காத்தார். அடுத்து மேரே என்ற இடத்தில் யூல் விருந்தின்போது, குடியானவர்கள் விடாமல் நெருக்க, அரசர் குதிரை ஈரலில் சில துண்டுகளை உண்டார். சிலுவை வரையாமலே கோப்பைகளையும் குடித்தார். அந்த மேரே, எனக்குக் கிண்ணத்தைக் காட்டிய மூதாட்டி பிறந்த த்ரொண்டெலாக்கில்தான் இருக்கிறது.

இப்படி இழுபறிப்பட்டு, விட்டுக்கொடுத்து, கோபித்து, சமாளித்துத்தான் இந்த நாட்டில் இரண்டும் ஒரே வீட்டுக்குள் குடியேறின. நோர்வேயின் மேற்குப் பகுதிக்கான குலதிங் சட்டம் கிறிஸ்தவ காலத்துச் சட்டம். கிறிஸ்மஸ் இரவுக்குப் பியர் வடித்து, கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் நன்றியாக, நல்ல விளைச்சலுக்காகவும் அமைதிக்காகவும் அதை ஆசீர்வதிக்க வேண்டும் என்று அது குடியானவருக்குக் கட்டளையிடுகிறது. நியோர்டிடமும் ஃப்ரெயிடமும் எதைக் கேட்டார்களோ அதையேதான் கேட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவச் சட்டம் எழுதியவர்களே அந்தச் சொற்களைக் குப்பையில் போடவில்லை. ஒஸ்லோவில் ஒரு வாடகை மண்டபத்தில் நாம் போட்டோம்.

முற்காலத்தில் கிறிஸ்மஸ் இரவில் நோர்வேப் பண்ணை வீடுகளில் தரையில் வைக்கோல் பரப்பி, வீட்டுக்காரரும் வேலைக்காரரும் பிள்ளைகளும் ஒன்றாகப் படுப்பார்கள். கட்டில்களை இறந்தவர்களுக்காக விட்டுவிடுவார்கள். மேசையில் உணவு எடுக்கப்படாமல் இருக்கும். விளக்கு விடியும்வரை எரியும். எங்கள் குடிலில் பாலனைக் கிடத்துவதும் வைக்கோலில்தான். இதைச் சொன்னபோது என் வகுப்பில் ஒரு பிள்ளை, "அப்போ அப்பப்பாவும் வரலாமா, ரீச்சர்?" என்று கேட்டது. இரண்டு மாதத்துக்கு முன் அப்பப்பாவை இழந்த பிள்ளை அது. ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தை மேடையோரத்தில் கொண்டுபோய் வைத்ததும் அதே பிள்ளைதான். இப்போது விளங்குகிறதா நான் ஏன் மூன்று நாளாக உறங்கவில்லை என்று?

எனக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு காணொளிக்குக் கீழே எழுதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கிறிஸ்மஸே திருட்டுப் பண்டிகை, ரோமரின் சாட்டர்னாலியாவைத் திருடி வைத்துக்கொண்டு இவர்களுக்கு என்ன பேச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆதரவு எனக்கு வேண்டாம். சாட்டர்னாலியா டிசம்பர் 17ஆம் தேதிக்குரியது. நாட்கள் கூடிக்கூடி 23 வரை நீண்டது. 25ஆம் தேதியை அது தொடவில்லை. கி.மு. 217இல் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் பெருந்தோல்வி கண்டு நடுங்கிக்கொண்டிருந்த ரோம் நகரில், சாட்டர்ன் என்ற தெய்வத்தின் கோயிலில் பலியிட்டு, பொதுவிருந்து வைத்து, இரவும் பகலும் "சாட்டர்னாலியா" என்று தெருவெல்லாம் கூவினார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ஆண்டு முழுதும் கம்பளி நூலால் கட்டப்பட்டிருக்கும் அந்தத் தெய்வத்தின் கால்களை விழாவின்போது அவிழ்த்துவிடுவார்கள். அடிமைகள் எசமானரோடு அமர்ந்து உண்ணலாம், சூதாடலாம். ஒருவருக்கொருவர் மெழுகுதிரியும் சிறு மண்பொம்மையும் கொடுப்பார்கள். ஆண்டில் சில நாளாவது அடிமையை மனிதனாக நடத்திய அந்த விழாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது, இன்னொருவரை அடிக்கத் தடியாக அது உதவும் என்பது மட்டுமே.

25ஆம் தேதியோ இன்னும் சிக்கலானது. கி.பி. 354இல் தொகுக்கப்பட்ட ரோம நாட்காட்டி நூலின் ஒரு பகுதியில் அந்த நாள் 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள்', முப்பது தேர்ப்பந்தயங்கள் என்று இருக்கிறது. சூரியனுக்கு ரோமப் பேரரசர் அவுரேலியன் 274இல் கோயில் எழுப்பியிருந்தார் என்பதால் அது சூரியனையே குறிக்கும் என்று கொள்கிறார்கள். அதே நூலின் இன்னொரு பகுதியில், 336 அளவில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் பட்டியலில், அதே நாளில் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தார் என்று இருக்கிறது. யாரைப் பார்த்து யார் வைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். மார்ச் 25ஆம் தேதி கருவுற்று ஒன்பது மாதம் கழித்துப் பிறந்தார் என்ற கணக்கை அகுஸ்தீனார் எழுதியிருக்கிறார். நாள் அந்தக் கணக்கிலிருந்தே வந்தது என்பாரும் உண்டு. ரோமரிடையே வழிபடப்பட்ட மித்ராஸ் என்ற தெய்வம் 25ஆம் தேதி பிறந்தார் என்று எழுதியவருக்கு, பழைய சான்று எதிலும் அப்படி இல்லை. அவர் பாறையிலிருந்து பிறந்தவராகத்தான் சிற்பங்களில் காணப்படுகிறார். இருட்டு முற்றுகிற காலத்தில் வெளிச்சத்துக்கு ஏங்கினவர்கள் எல்லோரும் ஒருவரிடமிருந்து ஒருவர் திருடித்தான் ஏங்க வேண்டுமா? அயர்லாந்தின் நியூகிரேஞ்சில், ஏறத்தாழ கி.மு. 3200இல் கட்டிய கல்லறைக்குள், ஆண்டின் மிகக் குறுகிய பகல்களில் காலைக் கதிர் நுழைந்து பதினேழு நிமிடம் தங்குகிறது. அவர்கள் யாரிடம் திருடினார்கள்?

"சின்ன விஷயத்தை ஏன் அக்கா இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள்" என்று கேட்பவர்களே, 'அஞ்ஞானிகள்' என்பது சின்னச் சொல் அன்று. எங்கள் வீட்டுப் பழைய செபப் புத்தகங்களில் அந்தச் சொல் இருந்தது. வேலிக்கு அப்பால் நின்று எனக்குப் பனங்கட்டி தந்த ஆச்சிக்கு எங்கள் புத்தகத்தில் அதுதான் பெயர். ஏழு வயதில் அதை வாசித்துவிட்டு, அவர் நரகத்துக்குப் போவாரா என்று அம்மம்மாவிடம் கேட்டேன். அம்மம்மா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆச்சியைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஐரோப்பியர் இதே பொருளில் வழங்கும் 'பேகன்' என்ற சொல்லும் லத்தீனில் நாட்டுப்புறத்தானைக் குறித்த சொல்தான். நாமெல்லோரும் நாட்டுப்புறத்தார்தாம். ஒருவருடைய தாய் வைத்த கஞ்சியை இன்னொருவர் பேய்ப்படையல் என்று சொல்லும்போது, நாளை என் அம்மம்மாவின் மெழுகுதிரியை எவரும் அப்படிச் சொல்லலாம் என்று ஆகிவிடுகிறது. சொல்லியும் இருக்கிறார்கள், புனிதர் சுரூபங்களைச் சிலைவழிபாடு என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அப்போதும் நான் யாருடைய பொருளையும் எடுத்துக் குப்பையில் போடவில்லை.

வார்டோவில் சூரியவட்டம் முழுதாகத் தெரிகிற முதல் நாளில் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கும், பள்ளிக்கூடம் விடுமுறை. 1988இல் அந்தச் சத்தத்தைக் கேட்டு, போர் இங்கும் வந்துவிட்டதென்று நான் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன். மூதாட்டிதான் குனிந்து கையைப் பிடித்து வெளியே எடுத்து, யன்னலைத் திறந்து, கடலுக்கு மேலே செக்கச்செவேலென்று நின்ற சூரியனைக் காட்டினார். நான் ஒஸ்லோவுக்குப் புறப்பட்டபோது, தன் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த கிண்ணத்தையும் கரண்டியையும் துணியில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் கொடுத்தது அந்தக் கிண்ணம்.

விழா முடிந்து எல்லோரும் போனபின் மண்டபத்துக்குப் பின்னால் நின்று குப்பைப் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கிண்ணம் கிடைத்தது, விளிம்பில் விரல் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. கரண்டி கிடைக்கவில்லை. காம்பின் நுனியில் சிறு பூவேலை செதுக்கிய, கறுத்துப்போன பழைய மரக் கரண்டி. சுத்தம் செய்தவர்கள் யாராவது எடுத்து வைத்திருந்தால் தயவுசெய்து எனக்கு அறியத் தரவும். 24ஆம் தேதிக்கு முன் கிடைத்தால் நல்லது.