லாக் நட் படுத்தும் பாடு

சைக்கிள் ஹெட்செட்டை, அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் செட்டைப் பிரித்து, பால்ஸைக் கழுவி, கிரீஸ் வைப்பது பெரிய வேலையே இல்லை. அப்புறம் அட்ஜஸ்ட் செய்ய உட்கார்ந்தால்தான் உயிர் போகிறது. பால்ஸை மேலிருந்து மூடும் கப்பைக் கையால் திருகி அளவாக வைத்தாச்சு, சரி. அது நகராமல் இருக்க மேலே போடும் லாக் நட்டை இறுக்கினால் கப்பும் கூடவே திரும்பி ஹேண்டில் இறுகிவிடுகிறது. கொஞ்சம் தளர்த்தினால், முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளும்போது 'டக் டக்' என்று ஆட்டம்.

கப்பை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை இறுக்க வேண்டும். பழைய 1 அங்குல ஹெட்செட்டுக்குப் பெரும்பாலும் 32 மி.மீ., அதுவும் மெல்லிசாக இருக்கணும். கடையில் கேட்டால் பைப் ரெஞ்சை நீட்டுகிறார்கள்! நட்டின் முனையெல்லாம் மழுங்கிப் போகும். ஆட்டத்தோடு ஓட்டினால் கப்பில் குழி விழுந்து, ஹேண்டில் நேராக வரும் இடத்தில் சிக்கும். பிறகு முழு செட்டையும் மாற்ற வேண்டியதுதான். இரண்டு மெல்லிய ஸ்பானரை வண்டியோடு கொடுத்தால் என்னவாம்?