படத்துக்குக் கீழே ஒரு வரி

மகள் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தாள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற ஆங்கிலப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைப் படங்கள். ரோசா பார்க்ஸ் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கும் படமும் இருந்தது. பின்சீட்டில் ஒரு வெள்ளைக்காரர். 1955இல் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்த ரோசா இவர்தான் என்று கீழே ஒரு வரி.

"கறுப்பர்கள் பின்னாடிதானே உட்காரணும்? அப்ப இவர் எப்படி அவங்களுக்குப் பின்னாடி?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை தடவை பார்த்த படம், ஒருநாளும் தோன்றவில்லையே!

அவள் கேட்டது சரி. அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் ரோசா கைதானது 1955 டிசம்பர் 1. படம் எடுத்தது 1956 டிசம்பர் 21. இடையில் 381 நாள் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, யாரும் எங்கும் உட்காரலாம் என்றான முதல் நாள் அது. பின்னால் இருப்பவர் சீட் கேட்டு மிரட்டியவர் அல்ல, நிக்கோலஸ் கிறிஸ் என்ற செய்தியாளர். படத்துக்காக உட்கார்ந்தவர். ரோசாவிடம் கைரேகை எடுக்கும் படத்துக்கும் இதே கதிதான். அது 1956 பிப்ரவரியில், புறக்கணிப்பு வழக்கில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மீது குற்றம் சாட்டியபோது எடுத்தது. முதல் கைது என்றே பல இடங்களில் போடுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு இவ்வளவு விவரம் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தேதியை மாற்றினால் ஒரு பெண்மணி உட்கார்ந்தார், உலகம் மாறியது என்றாகிவிடுகிறது. நடந்து தேய்ந்த அத்தனை செருப்பும் காணாமல் போகிறது.

1957இல் லிட்டில் ராக் நகரப் பள்ளி வாசலில், கத்தும் கூட்டத்துக்கு நடுவே தனியாக நடந்த 15 வயது எலிசபெத் எக்ஃபோர்டின் படத்தையே எடுங்கள். வெள்ளையர் மட்டுமே படித்துவந்த அந்தப் பள்ளிக்கு, புதிதாகச் சேர்ந்த ஒன்பது கறுப்பின மாணவர்களும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. எலிசபெத் வீட்டில் தொலைபேசி இல்லை, சேதி வந்து சேரவில்லை. படத்துக்குக் கீழே 'தைரியமான மாணவி' என்று போடுவதற்குப் பதில் இதைப் போடலாமே? அதைப் படித்துவிட்டு அந்த முகத்தைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு மகள் பென்சிலை எடுத்தாள். 1955ஐ அடித்து, பக்கத்தில் 21-12-1956 என்று எழுதினாள். நூலகத்தில் அபராதம் கேட்டால் நான் கட்டிக்கொள்கிறேன்.