கடையில் கூட்டம் நிற்பது மட்டும் போதுமா?
"முதல் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம் என்றால் இரண்டாவது கிளைக்கு நேரம் வந்துவிட்டது" என்று இரண்டாவது கடை எப்போது திறக்கலாம் என்பது பற்றிய இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதை யாழ்ப்பாணத்தில் அப்படியே எடுக்க முடியாது, அந்தக் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலடிக் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது, அதை வைத்து வருடக் கணக்குப் போட்டால் கதை முடிந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியில் என் சித்தப்பாவின் பேக்கரி பெரும்பாலும் கம்பஸ் பிள்ளைகளை நம்பியது, லீவு விட்டால் பின்னேரம் றோல் தட்டிலேயே கிடக்கும். சாவகச்சேரியில் இரண்டாவது கடை எடுக்க நினைத்தபோது அவர் உடனே அட்வான்ஸ் கொடுக்கவில்லை; விடியப் போறணையில் (பாண் சுடும் அடுப்பில்) இருந்து இறக்கியதை ஓட்டோவில் அனுப்பி, அங்கே தெரிந்தவரின் தேத்தண்ணிக் கடையில் வைத்து விற்றுப் பார்த்தார். இங்கே பறக்கும் பற்றிஸ் அங்கே மிஞ்சியது, பாணும் பணிஸும் எட்டு மணிக்கே முடிந்தன. அதனால் கடை திறந்த அன்றே என்ன போடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மேலே கருத்து எழுதிய ஒருவர் 'வங்கிக் கடன் இருக்கிறதுதானே' என்கிறார். சரி, 2022 இல் இலங்கை மத்திய வங்கி கடன் வட்டி வீதத்தை 15 சதவீதத்துக்கு மேலே கொண்டுபோனதை மறந்துவிட்டாரா? முதல் கடையின் வருமானமே இரண்டு கடை வாடகையையும் சம்பளத்தையும் ஆறு மாதம் தாங்காது என்றால் கடன் பக்கமே போகாதீர்கள். அப்புறம் ஆள் பிரச்சினை. மா குழைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார், அவரைப் புதுக் கடைக்கு அனுப்பினால் பழைய கடையில் யார் குழைப்பது? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.