மோன்செகூரில் நுழைவுச்சீட்டுக்கு அப்பால்

பிரான்சின் மோன்செகூருக்குப் போய்வருபவர்களில் பெரும்பாலோர், தாங்கள் பார்க்கப் போன கோட்டையைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள். இதை முதல் தடவை போய்வந்தபோது நானும் அறியவில்லை. இரண்டாம் தடவை கோட்டைக்குக் குறைவாகவும் அதைச் சுற்றியுள்ள சரிவுகளுக்கும் பாதைகளுக்கும் கூடுதலாகவும் நேரம் ஒதுக்கிய பிறகே, முதல் தடவை எவ்வளவு தவறவிட்டேன் என்பது புரிந்தது.

தென் பிரான்சில், பிரனீஸ் மலைத்தொடர் எழத் தொடங்கும் அரியேஜ் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் அது. ஊர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் தலைக்கு மேலே, நட்டுவைத்த கல்லைப் போல நிற்கும் சுண்ணாம்புப் பாறைக் குன்றின் உச்சியில், 1,207 மீட்டர் உயரத்தில் கோட்டை இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு ஏறினால் அரைமணி நேரத்தில் உச்சியை அடைந்துவிடலாம். கூரையற்ற சுவர்கள், ஒரு முற்றம், ஒரு காவற்கோபுரம், நான்கு படங்கள், பிறகு இறக்கம். “காத்தார் கோட்டை” பார்த்தாயிற்று என்ற நிறைவோடு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அந்தச் சுவர்கள், கத்தோலிக்கத் திருச்சபை மதபேதம் என்று கண்டித்த இடைக்காலக் கிறித்தவப் பிரிவினரான காத்தார்களுடையவை அல்ல. 1204-ஆம் ஆண்டளவில் ரைமோன் தெ பெரெய் என்ற பிரபு, காத்தார் சமயத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில் புதுப்பித்துக் கட்டிய கோட்டை, 1244-இல் முற்றுகையில் வீழ்ந்து, உள்ளிருந்த காத்தார்கள் பலர் எரிக்கப்பட்ட பிறகு இல்லாமற்போயிற்று. இன்று நிற்பது, வென்றவர்கள் பக்கத்தைச் சேர்ந்த லெவி குடும்பத்தார் பின்னர் எழுப்பிய காவற்கோட்டை. எரித்தவர்கள் கட்டிய சுவரைத் தொட்டுப் பார்த்து, எரிக்கப்பட்டவர்களுக்காகக் கண் கலங்குகிறோம். அறிவிப்புப் பலகைகளும் கையேடுகளும் இந்த உண்மையை மறைப்பதில்லை. இருந்தாலும் “காத்தார்” என்ற சொல் விற்கும் அளவுக்கு இந்த உண்மை விற்பதில்லை.

அந்தச் சொல்லும் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அன்று. நம்பிக்கையாளர்கள் தங்கள் துறவியரை “நல்ல மனிதர்கள்”, “நல்ல பெண்கள்” என்றே அழைத்தார்கள். தமிழில் எழுதும்போது “காத்தார்” என்பதைக் “காப்பாற்றினார்” என்று படித்துவிடவும் இடமுண்டு. அவர்களைக் கடைசியில் காத்தவர் ஒருவருமில்லை என்பதை நினைத்தால் அந்தத் தற்செயல் உறுத்துகிறது. அத்துறவியர் இறைச்சியும் முட்டையும் பாலும் உண்ணாதவர்கள், உயிர்க்கொலை செய்யாதவர்கள், உயிர் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குச் செல்லும் என்று நம்பியவர்கள். இதைக் கேட்டதும் நம்மவர்களுக்குச் சமணமும் மறுபிறப்பும் நினைவுக்கு வரும், உடனே ஒரு பழைய தொடர்பைக் கட்டிவிடத் தோன்றும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வதே நல்லது. ஏனென்றால் மோன்செகூரைக் கெடுத்ததே அத்தகைய ஆசைகள்தாம். 1930-களில் ஓட்டோ ரான் என்ற ஜெர்மானியர் இயேசுவின் புனிதக் கிண்ணத்தை இந்தப் பகுதியில் தேடினார். பின்னாளில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் சேர்ந்தார். பிறகு வந்த வேறு சிலர், கோடையின் மிக நீண்ட பகலன்று காலை வெயில் கோபுரத்தின் அம்புத்துளைகளை ஊடுருவிச் செல்வதைக் கண்டு, இது சூரியக் கோயில் என்றார்கள். வெயில் ஊடுருவுவது உண்மை. ஆனால் அந்தக் கோபுரத்தில் எந்தக் காத்தாரும் நின்றதில்லை. நான் போன அன்று ஒரு சுற்றுலாக் குழுவின் வழிகாட்டி கால்மணி நேரம் கிண்ணக் கதையே சொல்லிக்கொண்டிருந்தார்; மலைமேல் வாழ்ந்த மக்களைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார்.

அந்த மக்களைத் தேட வேண்டுமானால் கோட்டையின் வடக்கு வாயிலுக்கு வர வேண்டும். பாறைச் சரிவில் தொங்குவதுபோல அடுக்கடுக்காக அமைந்த வீடுகளின் அடித்தளங்களை அங்கே அகழாய்வாளர்கள் வெளிக்கொணர்ந்திருக்கிறார்கள். முற்றுகையின்போது துறவியரும் படைவீரர்களும் அவர்களுடைய குடும்பத்தாருமாக ஏறத்தாழ ஐந்நூறு பேர் இந்த உச்சியில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். கோட்டை என்ற சொல் நம் மனத்தில் எழுப்பும் படத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இது பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் ஊர். இரண்டு ஆள் கைகோத்துப் போக முடியாத சந்துகள் அதில் இருந்திருக்கின்றன.

முற்றுகையையும் நூலில் படிப்பதைவிடக் காலால் படிப்பதே தெளிவு. 1242 மே மாதம், மோன்செகூரிலிருந்து புறப்பட்ட ஒரு குழு அவிஞோனே என்ற ஊரில் தங்கியிருந்த, திருச்சபைக்கு மாறாக நம்புபவர்களைத் தேடித் தண்டிக்கும் சமய விசாரணை அதிகாரிகளை வெட்டிக் கொன்றது. உயிர்க்கொலை செய்யாதவர்களைப் பாதுகாத்த வீரர்கள் செய்த கொலை இது. காத்தார்களைக் கறையற்ற தியாகிகளாக மட்டும் பேசுபவர்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் கர்கசோன் நகரின் அரசப் பிரதிநிதி இயூக் தெசார்சியின் படை மலையைச் சூழ்ந்தது. மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. நாம் இன்று ஏறும் தெற்குப் பாதையில் மூச்சு வாங்க நின்று மேலே பார்த்தாலே அதன் காரணம் புரிந்துவிடும். தேய்ந்து வழுவழுத்த சுண்ணாம்புக் கல்லில், கையில் ஆயுதமில்லாத நமக்கே கால் நிற்பதில்லை. கடைசியில் குளிர்காலத்தில், மலையேறப் பழகிய ஒரு சிறு குழு இரவோடிரவாகக் கிழக்கு முனையிலுள்ள பாறைக் காவலிடத்தைக் கைப்பற்றியது. மலைமுகட்டின் அந்த முனை கோட்டையைவிடத் தாழ்ந்தது. ஆனால் அங்கிருந்து முகட்டின் வழியே படிப்படியாக முன்னேறிக் கல்லெறி பொறியை நிறுத்த முடிந்தது. அதன்பிறகு எஞ்சியது சில வாரங்களே.

1244 மார்ச் தொடக்கத்தில் சரணடைவு பேசி முடிக்கப்பட்டது. வீரர்களுக்கு மன்னிப்பு, அவிஞோனே கொலைக்கும் சேர்த்து. துறவியர் தங்கள் சமயத்தைக் கைவிட்டால் உயிர் பிழைக்கலாம், இல்லையேல் நெருப்பு. இரண்டு வாரம் அவகாசம். அந்த அவகாசத்தின் முடிவில், மார்ச் 13 அன்று, துறவியர் அல்லாத இருபது பேரளவில் ஒருவரைத் துறவியாக்கத் தலைமேல் கைவைத்துத் தரும் காத்தார்களின் ஒரே தீட்சையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார்கள். அவர்களில் வீரர்களும் அவர்களுடைய மனைவியரும் உண்டு. கோட்டைப் பிரபுவின் மனைவி கோர்பாவும் மகள் எஸ்கிளார்மோந்தும் உண்டு. வெறுமனே நடந்து வெளியேறியிருக்கலாம். மூன்று நாள் கழித்து, மார்ச் 16 அன்று, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நெருப்பில் எரிந்தார்கள். அடிவாரத்துப் புல்வெளியில் 1960-இல் நிறுத்தப்பட்ட நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. நெருப்பு மூட்டிய இடம் சரியாக அதுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நுழைவுச்சீட்டு வாங்க விரைபவர்கள் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இத்தனை விவரமும் நமக்குத் தெரிவது, தப்பிப் பிழைத்தவர்களை உட்காரவைத்து விசாரணை அதிகாரி ஃபெரேர் எழுதிவைத்த வாக்குமூலங்களால். அழித்தவர்களின் ஏடுகளே அழிந்தவர்களின் குரலைக் காத்துவைத்திருக்கின்றன. இந்த முரணை முழுமையாக உணர வேண்டுமானால் ஊரிலிருந்து தெற்கே நடக்க வேண்டும். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அந்த நடைதான்.

ஃபுவா நகரிலிருந்து மோன்செகூர் வழியாக ஸ்பெயினின் பெர்கா வரை செல்லும் நெடும்பாதைக்கு “நல்ல மனிதர்களின் பாதை” என்று பெயர். மலை கடந்து கத்தலோனியாவுக்குத் தப்பிய காத்தார்களின் நினைவாக வைத்த பெயர். சிவப்பு வெள்ளைக் கோட்டுக் குறிகளைப் பின்பற்றினால் வழி தவறாது. மோன்செகூரிலிருந்து கொமூஸ் வரையிலான ஒரு நாள் நடையே என் தேர்வு. காட்டுக்குள் இறங்கி, ஏர்ஸ் ஆறு குடைந்த ஃப்ரோ பள்ளத்தாக்கில் நுழையும்போது இருபுறமும் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்குப் பாறைச்சுவர் எழும். நண்பகலிலும் வெளிச்சம் மங்கும். எரியாமல் தப்பியவர்கள் ஒளிய வேண்டுமானால் இத்தகைய மலைமடிப்புகளில்தான் ஒளிந்திருக்க முடியும் என்று அங்கே நடக்கும்போது தோன்றியது. வழிகாட்டி சொல்லாத கதையைப் பாறை சொல்கிறது என்று எழுதினால் மிகையாகிவிடும். ஆனால் மோன்செகூரோடு எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் அங்கே நிற்கவில்லை.

ஏனென்றால் கொமூசுக்கு அருகிலேயே மோந்தாயு இருக்கிறது. மோன்செகூர் எரிந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சிற்றூரின் ஆட்டிடையர்கள் “நல்ல மனிதர்களை” வீட்டில் ஒளித்துவைத்துச் சோறிட்டார்கள். பாமியே நகரின் ஆயராக (பிஷப்பாக) இருந்த ஜாக் ஃபுர்னியே 1318 முதல் 1325 வரை அவர்களை விசாரித்தார். பின்னாளில் அவரே பன்னிரண்டாம் பெனதிக்து என்ற பெயரில் போப்பானார். அவருடைய பதிவேட்டில் அவ்வூர் மக்களின் காதலும் சண்டையும் பேன் பார்த்தபடி பேசிய பேச்சும் எழுத்தாய் நிற்கின்றன. அங்கே பார்ப்பதற்கு ஓர் இடிந்த கோபுரமும் சில வீடுகளுமே உண்டு. பேருந்துகள் நிற்பதில்லை.

வடமேற்கே ரோக்ஃபிக்சாத் கோட்டையும் உண்டு, அழகானது, ஒரு மாலை போதும். பெலெஸ்தா அருகிலுள்ள ஃபோன்தெஸ்தோர்ப் ஊற்றுக்குக் கோடையின் இறுதியில் போங்கள்; பாறைக்குள் இயங்கும் இயற்கையான சாய்குழாய் (சைபன்) அமைப்பினால், ஏறத்தாழ ஒரு மணி நேரச் சுழற்சியில் நீர் பெருகி வடிவதைப் படியில் உட்கார்ந்தே பார்க்கலாம். கோடைப் பிற்பகல்களில் இடி மழை வரும், ஆகவே மலைமுகட்டுக்கு ஏறுவதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இறங்கிவந்ததும் மோன்செகூர் ஊருக்குள்ளிருக்கும் சிறு அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். உச்சியில் தோண்டியெடுத்த அம்புமுனைகளுக்கும் பொறி எறிந்த கல்குண்டுகளுக்கும் அருகில் பகடைகளும் ஒரு கத்தரிக்கோலும் இருக்கின்றன. நான் போயிருந்தபோது அந்த அறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. மேலே கோட்டையில் படம் எடுக்க வரிசை நின்றது.