குதிரைத்திறனை மட்டும் சொல்லி விற்கும் பம்புகள்

காரைக்குடிப் பக்கம் குளியலறைக்கு அழுத்தப் பம்ப் வாங்கப் போனால், தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை குழாய்கள் திறக்கப்படும் என்று எதையும் கேட்காமல், 'ஒரு எச்.பி. போடுங்கள்' என்று எடுத்து நீட்டுவது தாங்க முடியாத எரிச்சலைத் தருகிறது. நீர்மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஷவருக்கு 2 மீட்டர் மேலே தொட்டி இருக்கும் வீட்டில் 0.2 பார்தான் வரும். அதிலும், முகப்பிலிருந்து இரண்டாம் கட்டைத் தாண்டிப் பின்கட்டு வரை நீளும் நம் வீடுகளில், துருவேறிய பழைய இரும்புக் குழாய் வழியே வருவதற்குள் ஓட்டம் மேலும் குறைந்துவிடுகிறது. அந்தக் குழாயை மாற்றாமல் பெரிய பம்பைப் பொருத்தினால் இணைப்புகள்தான் கசியும்.

பொருத்துகிறவர்களும் தொட்டியிலிருந்து நீர் இறங்கும் இடத்தருகே வைக்காமல், வேலை சுலபம் என்பதற்காகக் குளியலறைச் சுவரிலேயே திருகிவிட்டுப் போகிறார்கள். அதன் இரைச்சல் வீட்டின் நடு முற்றமான வளவு வரை கேட்கிறது. நீரோட்டத்தை உணர்ந்து இயங்கும் வகைக்குத் தொடக்கத்தில் கொஞ்சமாவது நீர் தானாக ஓட வேண்டும், தொட்டியும் ஷவரும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது கிளம்பாது என்பதை விற்கும்போதே சொல்வதற்கு என்ன தடை? குழாயில் அழுத்தம் குறைந்ததும் இயங்கும் அழுத்த சுவிட்ச் வகையோ, எங்கேனும் ஒரு குழாய் சொட்டினால் இரவெல்லாம் விட்டு விட்டு ஓடும். தொட்டி வற்றினால் தானாக நிற்குமா என்று கேட்டால் அதற்கும் பதில் வருவதில்லை.