1970 வரை கரி இன்ஜின் கட்டியது மடமையா?

உலகமே டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறிய பிறகும் இந்திய ரயில்வே 1970 வரை அகலப்பாதைக்குக் கரி இன்ஜின் கட்டிக்கொண்டிருந்ததைக் கேலி செய்யும் பதிவுகள் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. டபிள்யூ.ஜி. என்ற சரக்கு இன்ஜினின் கதையைத் தெரிந்துகொண்டு பேசினால் அந்தக் கேலிக்கு இடமிருக்காது என்பது என் கருத்து.

சுதந்திரம் கிடைத்தபோது நம் சரக்கு வண்டிகளை இழுத்தவற்றில் பெரும்பாலானவை போர்க்காலத்தில் ஓய்வின்றி ஓடித் தேய்ந்துபோன பழைய இன்ஜின்கள். அவற்றுக்கு மாற்றாக வடிவமைக்கப்பட்டதுதான் டபிள்யூ.ஜி. முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள், நடுவில் இழுவைக்கு எட்டு, பின்னால் இரண்டு என்ற அமைப்புடைய இந்த இன்ஜினுக்கு, பயணிகள் வண்டிகளுக்கான டபிள்யூ.பி. இன்ஜினின் பாய்லரையே வைத்தார்கள். இது சிக்கனத்துக்காக மட்டும் செய்ததல்ல. ஷெட்டில் ஒரே வகை உதிரிபாகம் இரண்டு வகை இன்ஜினுக்கும் பொருந்தினால் பழுதுபார்க்கும் வேலை எளிதாகும். சாம்பல் மிகுந்த நம் ஊர்க் கரி எரிவதற்குத் தேவையான அகன்ற நெருப்புப்பெட்டியும் அதனுடன் கிடைத்தது.

முதல் இன்ஜின்கள் 1950இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்த நார்த் பிரிட்டிஷ் நிறுவனத்திலிருந்து வந்தன. அதே ஆண்டில் மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 8401 என்ற எண்ணுடன் முதல் இன்ஜின் உருவானது. நவம்பர் 1 அன்று அதைக் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொழிற்சாலைக்குப் பெயர் தந்த விடுதலைப் போராட்டத் தலைவர் சித்தரஞ்சன் தாஸின் பட்டமான ‘தேசபந்து’ அதற்குப் பெயராயிற்று. தொடக்கத்தில் வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டிய தொழிற்சாலை, சில ஆண்டுகளில் பாய்லர் உட்படப் பெரும்பகுதியைத் தானே செய்யத் தொடங்கியது. 1970 ஜூனில் ‘அந்திம் சிதாரா’ (கடைசி நட்சத்திரம்) என்ற கடைசி டபிள்யூ.ஜி. வெளிவந்தபோது, எல்லா நாட்டுத் தொழிற்சாலைகளிலும் கட்டப்பட்டவை சேர்த்து எண்ணிக்கை ஏறத்தாழ 2,450.

பிரிட்டன் என்ன செய்தது? 9எஃப் என்ற அருமையான சரக்கு இன்ஜினை 1954 முதல் 1960 வரை கட்டி, மொத்தம் 251 இன்ஜின்களையும் 1968க்குள் ஓரங்கட்டிவிட்டது. கடைசியாக வந்த ‘ஈவ்னிங் ஸ்டார்’ முழுதாக ஐந்து ஆண்டுகள்கூட ஓடவில்லை. நமக்கு அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது. கரி உள்நாட்டிலேயே கிடைத்தது. எண்ணெய்க்கோ அந்நியச் செலாவணி வேண்டும். அதற்காகப் புதியதைத் தள்ளிப்போடவும் இல்லை: 1961இலேயே அதே சித்தரஞ்சன் மின்சார இன்ஜினை உருவாக்கியது, 1964இல் வாரணாசியிலிருந்து டீசல் இன்ஜின் வந்தது. பழையதைக் கட்டியபடியே புதியதைக் கற்றுக்கொண்டதை மடமை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் கரி இன்ஜினை நினைத்து உருகுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இழுவைக்குப் பயன்படவில்லை. தண்ணீருக்காக வழியில் நின்ற கூட்ஸ் வண்டி பின்னால் வந்த வண்டிகளையும் தாமதப்படுத்தியது. இன்ஜினுக்கான கரியைச் சுமக்கவே வேகன்கள் தனியாக ஓடின. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்ஜினுக்குக் கரி போடும் பயர்மேனை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓடும் வண்டியின் ஆட்டத்துக்கிடையே கால் ஊன்றி, நெருப்புப்பெட்டியின் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் முகத்தில் அனல் அடிக்க, அதன் அடித்தட்டின் மூலைமுடுக்கெல்லாம் பரவும்படி கரியை ஷவலால் அள்ளி வீசுவதும், உருகிக் கட்டியான சாம்பலை நீண்ட இரும்புக் கம்பியால் குத்தி உடைப்பதும் அவர் வேலை. மே மாதத்து நாகபுரி வெயிலில் இதைச் செய்தவரிடம் போய் நீராவியின் அழகைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

ஆகவே 1990களில் அகலப்பாதையில் நீராவி ஓய்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. நிலையங்களின் வாசலில் நிறுத்தப்பட்டிருக்கும் இன்ஜின்களின் இணைப்புத் தண்டுகள்மீது வெள்ளியும் சிவப்புமாகப் பெயிண்டை அப்பிவிட்டு, எங்கே, எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று ஒரு பலகையில் ஒரு வரிகூட எழுதிவைக்காமல் விடுவதில்தான் வருத்தம். அந்தப் பலகைக்கு ஆகும் செலவு பெயிண்ட் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.